பின்னால் வரும் மூச்சு

பதினெட்டு வருசமாக ஒரே வள்ளத்தில் தொழில் செய்தும், கடலில் வைத்துத் தன் அத்தானின் முகத்தைச் சுபாஸ் பார்த்தது குறைவு. பார்க்கத் தேவை வரவில்லை. முன்பக்கமான அணியத்தில் சுபாஸ் நிற்பான், பின்பக்கத்தில் அக்காவின் கணவர் லியோன் நிற்பார். ஆளுக்கொரு மரக்கோலைச் சேற்றில் ஊன்றி, உடம்பால் சாய்ந்து, வள்ளத்தைத் தள்ளி, கோலை உருவி எடுத்து மறுபடி ஊன்றுவார்கள். இதைத்தான் அந்தக் கரையில் தாங்குவது என்பார்கள். கொழும்புத்துறைக்கு முன்னால் விரிந்து கிடக்கும் பரவைக்கடலில் தண்ணீர் முழங்காலளவு, மிஞ்சினால் இடுப்பளவு. இயந்திரப் படகு அங்கே வந்தால் சேற்றைக் கடைந்துகொண்டு நிற்கும். மனித மூச்சில்தான் அந்தக் கடலில் வள்ளம் ஓடும்.

அதனால் அத்தான் பசியோடிருக்கிறாரா, அக்காவோடு காலையிலேயே சண்டை கொளுவிவிட்டு வந்தாரா, இன்றைக்கு மீன் படும் என்ற நம்பிக்கையில் இருக்கிறாரா என்பதெல்லாம் சுபாஸுக்கு முதுகுக்குப் பின்னால் வரும் மூச்சிலேயே தெரிந்துவிடும். கோலை எடுக்கும்போது ஒரு நீளமான இழுப்பு, சாயும்போது ஒரு நீளமான விடுப்பு. வெறும் வள்ளத்திலும் அதே அளவு, வலை நிரம்பிய வள்ளத்திலும் அதே அளவு. லியோனுக்கு நாற்பத்தொன்பது வயது. பேச்சில் சிக்கனம், தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில் ஊதாரி. "எனக்கு அத்தான்ரை மூச்சுத் தெரியும்" என்று சுபாஸ் கல்யாண வீடு, செத்த வீடு பாராமல் பீற்றிக்கொள்வான். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போன பீற்றல் அது.

அந்த ஆவணி மாதத்துக் காலையில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தண்ணீரைக் கிழக்கே தள்ளி, ஆழத்தை இன்னும் குறைத்துவிட்டிருந்தது. இருவரும் சிறகுவலை பார்க்கப் போயிருந்தார்கள். வரிசையாகத் தடி நட்டு, தடிகளில் வலையைக் கட்டி, மீனை ஒரு பட்டிக்குள் சேர்க்கிற தொழில் அது. பட்டிக்குள் பாசி அடைந்திருந்ததால் லியோன் இறங்கினார். இரண்டு அடி எடுத்து வைத்தவர், "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார்.

சேற்றுக்குள் பதுங்கிக் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டார். அது வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது. கணுக்காலுக்கு மேலே முள் இறங்கியிருந்தது.

பாம்பென்றாலும் திருக்கையென்றாலும் உடனே கட்டுப்போட வேண்டும், இல்லாவிட்டால் விசம் நெஞ்சுக்கு ஏறும் என்பது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். சுபாஸ் அத்தானைத் தூக்கி வள்ளத்துக்குள் கிடத்தி, புது நீலக் கயிற்றை எடுத்து முழங்காலுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினான். வலைத்தடிக்குப் போடுகிற முடிச்சையே போட்டான். நனைய நனைய இறுகுகிற முடிச்சு. சுபாஸ் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக அந்தத் துறையில் யாரும் சொன்னதில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான், சூடா ஏதும் குடிச்சால் நோ குறையும்" என்று பின்பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டினான். கேத்திலில் தண்ணீர் கொதித்தது. அந்தக் கொதிதண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். லியோன் ஒரு மிடறு குடித்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நோவில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கரைக்குத் தொலைபேசி எடுத்தால் ஓட்டோக்காரக் கொலின்ஸ் சொன்னான், "உந்தத் தண்ணிக்குள்ளை ஆராலும் எஞ்சின் போட்டைக் கொண்டு வர ஏலாது மச்சான். நீ எப்பிடியும் அவரைத் துறைக்குக் கொண்டு வா. நான் ஓட்டோவோடை நிக்கிறன்."

இரண்டு பேர் தாங்குகிற வள்ளத்தை ஒருவன் தாங்கினான். பாதி வழியில் தண்ணீர் கணுக்காலளவுக்கு வற்ற, வள்ளம் தரை தட்டியது. சுபாஸ் குதித்து இறங்கினான். வள்ளத்துக் கயிற்றைத் தோளில் போட்டு, முழங்கால் புதையும் சேற்றில் வள்ளத்தை இழுத்தான். உள்ளே கிடப்பவர் நல்ல கனமான மனுசன். இழுத்தவன் மெலிந்த ஆள். ஒருவனால் ஆகிற காரியமில்லை அது. அன்றைக்கு அவன் செய்தான், அதை யாரும் மறுக்க முடியாது.

"டேய், கட்டை ஒருக்கா இளக்கி விடு" என்றார் லியோன்.

"விசம் ஏறும் அத்தான். கொஞ்ச நேரம்."

ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி கேட்டார். "கால் எனக்கு இல்லாத மாதிரிக் கிடக்கடா. அவிழ்."

"மரத்திருந்தால் நல்லதெல்லோ. நோ தெரியாது."

துறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகு மூன்றாம் தரம் கேட்டார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. "சுபாஸ், உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

லியோன் பிறந்து வளர்ந்து ஒருவரையும் அப்படிக் கேட்டதில்லை. சுபாஸுக்குக் கண்ணீர் வந்தது. அழுதுகொண்டே இழுத்தான். அவிழ்க்கவில்லை.

துறைக்கு வந்து சேரக் கட்டுப் போட்டு மூன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. கால் மெழுகுதிரி நிறத்தில் வெளுத்து, நகங்கள் நீலமாகிக் கிடந்தன. இனிப் பயமில்லை, ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் என்று சுபாஸ் மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினான். இரத்தம் இறங்கியது. தொடையிலிருந்து விரல் நுனிவரை கால் சிவந்துகொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"கால் வந்திட்டுதடா!" என்றார் லியோன்.

"நீ மனுசனடா சுபாஸ்" என்று கொலின்ஸ் முதுகில் தட்டினான். சுபாஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமை ஒன்றரை மணித்தியாலம்தான் நின்றது.

பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, பெயர், வயது, விலாசம் என்று தாதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் மூச்சுக் கேட்டது. பேச்சை நிறுத்தினான். இழுப்புக் கட்டையாக இருந்தது. விடுப்பு அதைவிடக் கட்டை. நெஞ்சின் மேல்தட்டில் மட்டும் ஓடுகிற மூச்சு. பதினெட்டு வருசத்தில் அவன் கேட்காத மூச்சு.

"மிஸ், அத்தான்ரை மூச்சுச் சரியில்லை. ஒருக்காப் பாருங்கோ."

அந்தத் தாதி நல்ல பிள்ளை. உங்களுக்கென்ன தெரியும் என்று கேட்கவில்லை. உடனே திரும்பிப் பார்த்தாள், பார்த்த அடுத்த கணம் ஓடினாள். பொழுது சாய்வதற்குள் லியோன் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு, இயந்திரம் விடுகிற மூச்சில் கிடந்தார்.

சுபாஸின் அக்கா அருமைநாயகி நண்டுக் கம்பனியில் சதை எடுக்கிறவள். நண்டு ஓடு கீறிக் கீறி விரலெல்லாம் தழும்பு. வேலை உடுப்போடேயே வந்தவள் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. டொக்டர் பார்த்தீபன் வெளியே வந்ததும் நேரே போய் நின்றாள். பக்கத்தில் மகள் நிரோஜினி, பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள்.

"டொக்டர், காலிலைதானே முள்ளுக் குத்தினது. ஏன் மூச்சு நிண்டது? எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ. விளங்காமல் நான் இதிலையிருந்து போகமாட்டன்."

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மருந்து எழுதும் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு மனித உருவம் கீறினார்.

"திருக்கை முள்ளாலை வந்த வினை இல்லையம்மா இது. அந்த விசத்துக்குத் தாங்கக்கூடிய சூட்டிலை சுடுதண்ணியிலை காலை வைச்சிருந்தாலே நோ இறங்கும். கட்டுத்தான் பிழைச்சது. மூண்டரை மணித்தியாலம் காலுக்கு ரத்தம் போகேல்லை. சதை பட்டினி கிடந்து, உடைஞ்சு, கழிவெல்லாம் அங்கையே தேங்கிப் போச்சு. கட்டை வெட்டின உடனை புது ரத்தம் பாய்ஞ்சு, அவ்வளவையும் அள்ளிக்கொண்டு மேலை வந்திட்டுது. ரத்தம் நிண்டதும் கெடுதி, நிண்ட ரத்தம் ஒரேயடியாத் திரும்பினதும் கெடுதி. அது சிறுநீரகத்தை அடிச்சுது. பிறகு மூச்சிழுக்கிற தசையையும் அடிச்சுப்போட்டுது." நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு வளைந்த கோடு போட்டார். "இதுதான் அந்தத் தசை."

"பிரிமென்றகடு" என்றாள் நிரோஜினி. விஞ்ஞானப் புத்தகத்தில் படம் போட்டுப் பெயர் குறித்திருக்கிறாள்.

"அதேதான் பிள்ளை. பிறந்த நேரம் துவங்கி ஒரு நிமிசமும் லீவெடுக்காத தசை. அது இப்ப களைச்சுப் போய்க் கிடக்கு."

இரண்டடி தள்ளி நின்ற சுபாஸுக்கு எல்லாம் கேட்டது. சுடுதண்ணி என்ற சொல்லில் அவனுடைய காது அடைத்துவிட்டது. கேத்தில் நிறையக் கொதித்ததே! அதில் தேத்தண்ணி அல்லவா போட்டான்! மற்றது விளங்க அவனுக்கு டொக்டரின் படம் தேவைப்படவில்லை. கோடையில் மணல் மேடு விழுந்து கடலிலிருந்து பிரிந்துபோகும் குட்டைகளை அவன் அறிவான். தண்ணீர் அதற்குள் கிடந்து நாறும். முதல் மழைக்கு மேடு உடைந்து அந்தத் தண்ணீர் கடலில் பாய்ந்தால், உடைந்த வாயைச் சுற்றி நல்ல மீனெல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கும். கட்டினதும் நான், வெட்டினதும் நான் என்று நினைத்தான்.

காலின் இரண்டு பக்கமும் கீறி வீக்கத்துக்கு வழி விட்டார்கள். மூன்று தரம் இரத்தம் சுத்தம் செய்தார்கள். ஏழாம் நாள் சிறுநீர் தெளிந்தது. அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் யாரும் லியோனுக்கு உறவில்லை, ஊரில்லை. இருந்தும் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அந்தக் கனத்த உடம்பைப் பக்கம் மாற்றிக் கிடத்தினார்கள். ஒரு புண் வர விடவில்லை. கும்பிட வேண்டிய மனிதர்கள்.

எட்டாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்து, இயந்திரத்தைக் கழற்றி, குழாய் வழியே தானாக மூச்சு விடச் சொன்னார்கள். அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் குழாயையே எடுத்துவிடலாம். லியோன் ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தார். திரும்பவும் இயந்திரம்.

"தசை ஓய்வெடுக்கட்டும். திரும்பவும் பாப்பம்" என்றார் டொக்டர். "ஆனால் கனநாள் இப்பிடி விடேலாது. மெசின் வேலை செய்யச் செய்ய அந்தத் தசை இன்னும் மெலிஞ்சு போகும். இன்னும் ரெண்டு தரம் ஏலாமல் போனால், தொண்டையிலை துளை போட்டு நீண்ட காலத்துக்கு விடவேண்டி வரும். பிறகு கழட்டுறது வலு கஷ்டம்."

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த மர வாங்கில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அருமைநாயகி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தாள். பெட்டியைத் திறந்து அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"தின். நீயும் விழுந்தியெண்டால் ரெண்டு பேரை நான் பாக்கேலாது."

"அக்கா, ஒண்டு சொல்லோணும்."

"சொல்லு."

"கட்டுப் போட்டது நானெண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும். நல்லதுக்குத்தானே போட்டனி. ஆருக்குத் தெரியும் இப்பிடியாகுமெண்டு."

"அதில்லை அக்கா. அத்தான் அவிழ்க்கச் சொல்லிக் கேட்டவர். நான்தான் அவிழ்க்கேல்லை."

அருமைநாயகியின் கை அப்படியே நின்றது. "எத்தினை தரம் கேட்டவர்?"

"மூண்டு தரம். கடைசித் தரம்..." அவன் இடியப்பத்தைத் தள்ளி வைத்தான். "கும்பிட்டுக் கேக்கிறன் எண்டவர்."

வாசலில் ஒரு வாகனம் வந்து, ஆள் இறக்கிப் போனது. அவள் பெட்டியின் மூடியைப் போட்டு, நான்கு பக்கக் கொளுக்கிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். எழுந்தாள். நடந்தாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்து பெட்டியை அவன் மடியில் வைத்துவிட்டு மறுபடி போனாள்.

அதன்பிறகு இரண்டு நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பினாள். ஆனால் சாப்பாடு மட்டும் ஒரு நேரமும் தவறவில்லை. நிரோஜினி கொண்டுவந்து வைப்பாள். "அம்மா தரச் சொன்னவ. ஒண்டும் சொல்லச் சொல்லேல்லை." ஒரு நாள் பிட்டும் மீன் குழம்பும், ஒரு நாள் அவனுக்குப் பிடித்த இறால் பொரியல்கூட இருந்தது. கோபத்தை ஒரு கையிலும் சோற்றை மறுகையிலும் வைத்துக்கொண்டு நிற்க அருமைநாயகியால்தான் முடியும். அந்த இறாலை அவன் அழுதழுது தின்றான்.

பத்தாம் நாள் இரண்டாம் தரம் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்பது நிமிடம். இயன்மருத்துவப் பயிற்சி கொடுக்கிற கஜானி வெளியே வந்தாள். புத்தூர்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. முகம் வாடியிருந்தது.

"ஐயாவுக்குத் தசையிலை கொஞ்சம் பலம் வந்திருக்கம்மா. ஆனால் பயத்திலை கழுத்தாலையும் தோளாலையும் மூச்சிழுக்கிறார். வயித்தாலை இழுங்கோ எண்டு நான் எத்தினை மாதிரிச் சொல்லிப் பாத்திட்டன். தலையாட்டுறார், உடம்பு கேக்குதில்லை. நாளைக்குத்தான் அடுத்த முறை."

உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம், அதுவும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை அருமைநாயகி பத்து நாளாக ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு தரம் மகளுக்குக் கொடுத்தாள். கஜானி போன பிறகு வாங்கின் மறு நுனியில் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீ போ."

சுபாஸ் திடுக்கிட்டான். "நானோ?"

"ஊரெல்லாம் அவற்றை மூச்சுத் தெரியுமெண்டு பீத்துவாய் எல்லோ. போய்க் கேள். கேட்டுப்போட்டு என்ன பிழையெண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லு." எழுந்துகொண்டே, "கோவம் எனக்குப் போகேல்லை. அது வேறை, இது வேறை" என்றாள்.

மறுநாள் காலை கையைக் கழுவி, பச்சை அங்கி போட்டுக்கொண்டு சுபாஸ் உள்ளே போனான். அத்தான் மெலிந்து கிடந்தார். கண் மட்டும் பெரிதாக இருந்தது. அவனைக் கண்டதும் அந்தக் கண் ஒரு தரம் மூடித் திறந்தது. அதில் கோபம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துணிவும் இல்லை.

டொக்டர் தலையசைக்க, இயந்திரத்தைக் கழற்றினார்கள். கட்டில் அருகே கஜானி நின்றாள். சுபாஸ் அத்தானுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"ஏன் அண்ணை திரும்பி நிக்கிறியள்?" என்றாள் கஜானி.

"எனக்கு இப்பிடித்தான் கேக்கும் மிஸ்."

கேட்டான். ஒரு நிமிடம் ஆகவில்லை, அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புதிதாகக் கடலுக்கு வருகிறவன் கோலைத் தோளால் தள்ளுவான். நூறு பாகத் தூரம் போவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். சுபாஸும் இருபது வயதில் அப்படித்தான் தள்ளி, பின்னாலிருந்து வசவு வாங்கியிருக்கிறான்.

"மிஸ், அத்தான் தோளாலை தாங்குறார்."

"என்னண்ணை?"

"தாங்கத் தெரியாதவன் தாங்கிற மாதிரி. தோள் ஏறுதோ, வயிறு உள்ளுக்குப் போகுதோ எண்டு பாருங்கோ."

கஜானி பார்க்கவே தேவையில்லை. அவளுடைய படிப்புச் சொன்னதை இந்த மனிதன் முதுகால் கேட்டுச் சொல்கிறான். அவள் கண் விரிந்தது. "அப்பிடியே தானண்ணை! அதைத்தான் நான் அவருக்குச் சொல்லத் தெரியாமல் நிக்கிறன். உங்கடை தொழிற் கதையிலை சொல்லுங்கோ. நான் வயித்திலை கை வைக்கிறன்."

சுபாஸ் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனான். அத்தானுக்கு முதுகைக் காட்டியபடி, வள்ளத்தின் அணியத்தில் நிற்பதுபோல் ஒரு காலை முன்னே வைத்தான். கையில் கோல் இல்லை. இருந்தும் ஊன்றினான்.

"அத்தான், துறையிலையிருந்து வெளிக்கிடுறம். தோளை விடுங்கோ. உங்கடை வாயாலை எனக்கு எத்தினை தரம் சொன்ன சொல்லு, வயித்தாலை தாங்கு. எடுங்கோ கோலை... வயிறு நிரம்பட்டும்... ஊண்டுங்கோ... சாயுங்கோ... விடுங்கோ... விடுங்கோ... எடுங்கோ."

முதல் பத்து மூச்சு முரண்டு பிடித்தது. பிறகு கஜானியின் கை மெல்ல உயர்ந்தது, கீழே போனது.

"வருதண்ணை. வயிறு வருது. விடாதேங்கோ."

"எடுங்கோ... சாயுங்கோ... அவசரப்படாதேங்கோ அத்தான், மீன் எங்கையும் ஓடாது. எடுங்கோ."

ஆறு நிமிடம் போனது. ஒன்பது போனது. பத்து நிமிடப் பார்வை நேரம் முடிந்ததை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் தாதிகூட வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்தில் மூச்சு ஒரு தரம் இடறியது. சுபாஸ் தன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் இருப்பவருக்குக் களைத்தால் முன்னால் நிற்பவன் குறைக்க வேண்டும், அதுதான் ஒரே வள்ளத்தில் போகிறவர்களின் முறை. இருபது. இருபத்தைந்து. பின்னால் நீளமான ஓர் இழுப்பு வந்தது. நீளமான ஒரு விடுப்பு. சுபாஸின் உடம்பு சிலிர்த்தது. அந்த மூச்சுத்தான். மெலிந்து, சொரசொரத்து, ஆனால் சந்தேகமில்லாமல் அதே மூச்சு.

பட்டினி கிடந்து, அடி வாங்கி, பத்து நாள் சும்மா கிடந்த ஒரு தசை, கூப்பிட்ட குரலுக்கு எழும்பி வந்து திரும்பவும் வேலை தொடங்கியிருக்கிறது. கொழும்புத்துறையார்கூட ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. இந்தத் தசைக்கு ஞாயிறும் இல்லை, நத்தார் பெருநாளும் இல்லை. மனித உடம்புக்குள் இப்படி ஒரு தொழிலாளி இருக்கிறான் என்று சுபாஸ் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அரை மணித்தியாலம் கடந்து இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, டொக்டர் பார்த்தீபன் தானே வந்து குழாயை எடுத்தார். கஜானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இனிக் கடல்காரர் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப்போறன்" என்றாள்.

அன்று பின்னேரம் இரண்டு பேரை உள்ளே விட்டார்கள். அருமைநாயகி கட்டிலின் தலைமாட்டில் போய் நின்று, கணவனின் நெற்றியில் சிலுவை போட்டு, தழும்பு விரலால் தலைமயிரைக் கோதினாள். பதினொரு நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சுபாஸ் கால்மாட்டில் நின்றான். தீர்ப்புக்கு நிற்கிறவன்போல் நின்றான்.

லியோன் வாயைத் திறந்தார். குரல் சருகுபோல் வந்தது.

"டேய்."

"ஓம் அத்தான்."

"அண்டைக்குப் போட்ட தேத்தண்ணி..." மூச்செடுத்தார். வயிறு உயர்ந்து இறங்கியது. "சீனி காணாது."

அருமைநாயகிக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வெடித்தது. சுபாஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்கள் மூண்டு தரம் கேட்டனீங்கள் அத்தான். நான் அவிழ்க்கேல்லை."

லியோன் இன்னொரு மூச்செடுத்தார். "நீ கிடந்திருந்தால்," என்றார் மெல்ல, "நானும் அவிழ்த்திருக்க மாட்டன். இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தியிருப்பன்." பிறகு மனைவியைப் பார்த்தார். "இவனோடை கதைக்கிறியோ?"

"இண்டையிலையிருந்து கதைக்கிறன்" என்றாள் அருமைநாயகி.

கார்த்திகை மழையில் பரவைக்கடல் நிரம்பியது. தை பிறந்து வெயில் வந்த பிறகு, டொக்டரின் அனுமதியோடும் அருமைநாயகியின் அனுமதியில்லாமலும் லியோன் வள்ளத்தில் ஏறினார். அனுமதி கொடுக்காதவள் துறைக்கு வந்து, ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இது காலுக்கு. இதிலை தேத்தண்ணி போட்டியெண்டால் கையை முறிப்பன்."

லியோனின் பாதம் இன்னும் முழுதாக எழும்பவில்லை. காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனால் பின்பக்கத்தில் நின்று கோலை எடுத்தபோது, முகம் பழைய முகம். சுபாஸ் அணியத்தில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஊன்றினார்கள். சாய்ந்தார்கள். வள்ளம் நகர்ந்தது. பின்னால் இழுப்பும் விடுப்புமாக மூச்சு வந்தது, முந்தியதிலும் கொஞ்சம் கட்டை. சுபாஸ் தன் கோலை நிதானமாக எடுத்தான், நிதானமாக ஊன்றினான்.

"ஏன்ரா இண்டைக்கு இவ்வளவு மெல்லமாத் தாங்குறாய்?" என்று பின்னாலிருந்து கேட்டார் லியோன்.

"சேறு அத்தான். கோல் புதையுது."

அந்த இடத்தில் சேறு இல்லை, வெறும் மணல். பதினெட்டு வருசமாக இரண்டு பேரும் தாங்கிப் போன இடம் அது. லியோன் கோலை எடுத்து, வயிறு நிரம்ப ஒரு மூச்சிழுத்து, மறுபடி ஊன்றினார்.